ஹல்த்வானிக்குப் போகும் பெட்டி

ஸ்ரீபெரும்புதூர்
10.11.1991

அன்புள்ள ஷெர்லின்,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். உன் இருமல் நின்றதா? அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது?

எங்கள் கம்பெனியை ஹல்த்வானிக்கு மாற்றுகிறார்கள். தில்லிக்கும் வடக்கே, மலையடிவாரத்தில் இருக்கிற ஊராம். எட்டு வருஷமாக நான் ஓட்டிய லேத்தை நேற்று நானே கழற்றி மரப்பெட்டியில் அடைத்தேன். பெட்டிமேல் ஊர்ப்பெயரை இந்தியில் எழுதச் சொன்னார்கள். ஒரு எழுத்தும் தெரியாமல், சீட்டைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். கூட வேலை செய்கிற மண்ணூர் எல்லப்பன், "இன்னா ஜெபா, நீயும் அப்டியே உள்ள குந்திக்கோ, டிக்கெட் மிச்சம்" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

போனால் வேலை நிலைக்கும், குவார்ட்டர்ஸ் தருவார்கள். ஆனால் ரயிலில் மூன்று நாள், வருஷத்துக்கு ஒரே லீவு. அந்தக் குளிர் உன் நெஞ்சுக்கு ஆகாது. நம் பிள்ளை ஜோயல் அங்கே படித்தால் நான் வரைந்த அந்த எழுத்தில்தான் படிக்க வேண்டும். போகாவிட்டால் இங்கே எனக்கு லேத் இல்லை. ஊருக்கு வந்தால் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டத்தான் போகவேண்டும், அதுவும் மழை விட்டால்தான். எப்படி யோசித்தாலும் விடியவில்லை.

வெள்ளிக்கிழமை பதில் கேட்கிறார்கள். உன் கடிதம் அதற்குள் வராது.

ஜோயலின் காலைக் காகிதத்தில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து வை. அங்கே பிள்ளைகள் ஷூ இல்லாமல் நடக்க முடியாதாம். இந்த விலாசத்துக்கு அனுப்பாதே, புது விலாசம் தருகிறேன். லாரி வந்துவிட்டது, பெட்டி ஏற்றவேண்டும்.

நீங்கள் வராவிட்டாலும் அந்தக் காகிதத்தை அனுப்பு.

ஜெபகுமார்