ஜன்னல் தெரிந்த வீடியோ

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் போனை எடுப்பதே இல்லை, அதனால் பள்ளியிலிருந்து வரும் பாடப் பொட்டலத்தோடு இதை வைக்கிறேன். சின்னு படு சுட்டி. ஆன்லைன் வகுப்பில் நுழைவது, மைக்கை அணைப்பது, வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து அனுப்புவது எல்லாம் கற்றுக்கொண்டு இப்போது மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறாள். கேமராவை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறாள். கேட்டால் அம்மா திட்டுவாங்களாம். வீடு சின்னது என்று கூச்சப்படாதீர்கள். கொஞ்சம் மனசு வையுங்கள்.

அன்புடன்,
கம்ப்யூட்டர் டீச்சர்


ஜூன் 17

டீச்சருக்கு வணக்கம்.

கூச்சம் இல்லை, பயம். அவளுடைய அப்பாவிடமிருந்து தப்பித்துத்தான் இந்த மாடி அறைக்கு வந்தோம். எங்கள் பக்கமே வரக்கூடாது என்று கோர்ட் சொல்லியும் அவர் கேட்கிற ஆள் இல்லை. சலவைக் கடையில் இஸ்திரி போடும்போதும் என் கண் வாசலில்தான் இருக்கும். அவள் படிக்கட்டும் டீச்சர். முகம் மட்டும் வேண்டாம்.

சின்னுவின் அம்மா


ஜூன் 19

அக்கா,

இதைப் பள்ளி வேன் டிரைவரிடம் கொடுத்து உடனே அனுப்புகிறேன். வகுப்பில் சேருவது எப்படி என்று சின்னு ஒரு வீடியோ எடுத்தாள், நீங்கள் வேலைக்குப் போயிருந்தபோது. முகம் தெரியட்டும் என்று தூண்டியது நான்தான். நன்றாக இருந்ததால் பள்ளியின் இணையப் பக்கத்தில் போட்டேன். உங்கள் கடிதம் பார்த்ததும் எடுத்துவிட்டேன், ஆனால் நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். பின்னால் ஜன்னல், அதில் கீழே மருந்துக் கடையின் பெயர்ப் பலகை. எல்லாவற்றையும் சொல்லித் தந்த நான், முகத்தை எங்கே காட்டக் கூடாது என்று சொல்லித் தரவில்லை. என் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

டீச்சர்


ஜூன் 19

டீச்சர்,

அவர் முந்திக்கொண்டார். மருந்துக் கடையில் போனை நீட்டி, "நம்ம பொண்ணுதாங்க, எந்த மாடி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். கடைக்காரர் தெரியாது என்று சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாக மேலே ஓடிவந்தார். போட்டது போட்டபடி கிளம்பினோம். பின்சந்தில் உங்கள் டிரைவர் எதிரே வந்தார். அவர்தான் பஸ் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். இதையும் பள்ளிக்கூடத்து டேப்லெட்டையும் அவரிடமே கொடுக்கிறேன்.

எந்த ஊர் என்று எழுதவில்லை. உங்களை நம்பாமல் இல்லை. சின்னுவின் அப்பா வந்து நின்றால் உங்களுக்குப் பொய் சொல்ல வராது.

வண்டியிலேயே சின்னு டேப்லெட்டில் தன் பெயரையும் படங்களையும் ஒவ்வொன்றாக அழித்தாள். அவள் விரல் நடுங்கவே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. வகுப்பிலும் அவள் பெயரை எடுத்துவிடுங்கள்.

"டீச்சர் தேடுவாங்கம்மா," என்கிறாள்.

தேடாதீர்கள் டீச்சர்.