காய்ந்த வள்ளத்தில் ஒரு சனிக்கிழமை

பாலையூற்று வீட்டு யன்னல்களுக்கு நேற்று நீலப் பெயின்ற் அடித்தார்கள். வேலையாட்கள் போய் வெகுநேரமாகியும் வாசம் போகவில்லை. குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றவள், கேத்திலை அப்படியே வைத்துவிட்டு உம்மோடு கதைக்க வந்து உட்கார்ந்துவிட்டேன். உம்முடைய தங்கையின் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. நீர் போய்விட்டீர், நோய் உமக்கு அதிக நாள் தரவில்லை என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் எழுத்து உம்மிடம்தான் போகிறது.

புதுப் பெயின்ற் மணந்தால் எனக்கு அந்த நீல வள்ளம்தான் ஞாபகம் வரும்.

வெள்ளைக்காரர் கடற்படைத்தளத்தை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் இருவரும் ஒரே பெண்கள் பாடசாலையில் புதிதாகச் சேர்ந்திருந்தோம். நான் தமிழ், நீர் பூமிசாஸ்திரம். இதே வீட்டின் முன்னறையை இருவருமாக வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒருநாள் பின்னேரம் வந்ததும் குடையைக் கதிரையில் போட்டுவிட்டு, சேலையும் மாற்றாமல் நின்றீர். அன்று வகுப்பில் துறைமுகம் பற்றிப் படிப்பித்திருக்கிறீர். எங்கள் துறைமுகம் மிக ஆழமானது என்று புத்தகத்தில் இருந்ததை நீர் வாசிக்க, கடைசி வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, "மிக எண்டால் எவ்வளவு ரீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள்.

"வேற புத்தகத்தில பார்த்துச் சொல்லுமன்," என்றேன்.

"அந்தப் புத்தகம் எழுதினவர் எங்க பார்த்துச் சொன்னவராம்? கடல் இஞ்ச கிடக்குது. நாங்கள் போய் அளப்பம்."

விளையாட்டுக்குச் சொல்கிறீர் என்று நினைத்தேன். மறுநாள் உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிறு அதன் இடத்தில் இல்லை. நீர் முற்றத்தில் நின்று, இரண்டு கையையும் விரித்து விரித்து அதை அளந்துகொண்டிருந்தீர். விரித்த கையின் நீளம் ஒரு பாகம் என்று யாரோ சொல்லித் தந்திருந்தார்கள். பாகத்துக்கு ஒரு முடிச்சாக இருபது முடிச்சு. நுனியில் கட்ட, கடைக்காரரிடம் கேட்டு இரண்டு இறாத்தல் தராசுப் படிக்கல்லும் வாங்கி வைத்திருந்தீர். கயிற்றைப் பற்றி அவ்வளவு யோசித்த நாங்கள் வள்ளத்தைப் பற்றி ஒன்றுமே யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை கரைக்குப் போனபோது இரண்டு வள்ளங்கள் வாடகைக்கு இருந்தன. ஒன்று தண்ணீரில் கிடந்தது. கறுத்துப்போய், உள்ளெல்லாம் மீன்செதில் ஒட்டி, கிட்டப் போகவே மணத்தது. அதன் சொந்தக்காரர், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் கிண்ணியாக்காரர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். மற்றது மணலில், பூவரச மரத்தின் கீழ் இருந்தது. நீலப் பெயின்ற், வெள்ளைக் கரை, உட்காரத் துடைத்து வைத்த பலகை. பக்கத்தில் இஸ்திரி போட்ட சேட்டோடு ஒருவர்.

"எங்க போகப் போறீங்கள் ரீச்சர்?" என்று கேட்டார் சேட்டுக்காரர். "இது முழுக்கப் புதுசாக்கி வைச்சிருக்கிறன். சேலையில ஒரு தூசும் படாது."

காக்கா தலை நிமிர்த்தாமல் சொன்னார்: "என்ட தோணி மணக்கும்தான். ஆனா நேத்தும் தண்ணியிலதான் கிடந்த."

அது எங்களுக்கு ஒரு சொல்லாகவே படவில்லை. தண்ணீரில் கிடந்தது என்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? ஆளைப் பிடிக்கச் சொல்கிறார் என்று நினைத்து, நான் உம்முடைய கையைப் பிடித்து நீல வள்ளத்தின் பக்கம் இழுத்தேன். அந்தத் தெரிவு என்னுடையது. பிறகு யார் கேட்டாலும் "நாங்கள்தான் பார்த்து எடுத்தனாங்கள்" என்று நீர் பன்மையிலேயே சொன்னீர். அதை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சேட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேருமாக வள்ளத்தைத் தண்ணீருக்குத் தள்ளினார்கள். கரை அமைதியாக இருந்தது. அவர் துடுப்புப் போட்டார். முதலில் நேராகப் போகவில்லை, பிறகு ஒருவாறு போனது. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி நீர் படிக்கல்லை இறக்கினீர். முடிச்சுகள் ஒவ்வொன்றாக உம்முடைய விரலுக்குள்ளால் போயின. பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தீர். என் செருப்பு நனைவது போல இருந்தது. துடுப்பில் இருந்து தெறித்த தண்ணீர் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கணுக்கால் வரை வந்துவிட்டது.

"எங்கயோ ஓட்டை," என்றேன்.

ஓட்டை ஒன்றும் இல்லை. பலகைக்கும் பலகைக்கும் இடையில், நீளத்துக்கு, கோடு கோடாகத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. வடிவான நீலப் பெயின்ற் அந்த இடங்களில் எல்லாம் வெடித்து நின்றது.

"தண்ணி அள்ளுற பேணி எங்க?" என்று நீர் சேட்டுக்காரரைக் கேட்டீர்.

அவர் பலகைக்குக் கீழே தேடினார். அங்கே பேணி இல்லை. "இது மாமாட வள்ளம் ரீச்சர். அவர் போய்ச் சேர்ந்திட்டார். நான் கடையில நிக்கிற ஆள். வெளியால கொண்டு வாறது எனக்கும் இதுதான் முதல் தரம்."

அவருடைய முகத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. சாப்பாட்டுக் கரியரைத் திறந்து சோற்றைக் கடலில் கொட்டிவிட்டு அதால் அள்ளத் தொடங்கினேன். அதே நேரம் காற்றும் எழும்பியது. தென்மேற்கில் இருந்து கச்சான் வீசும் காலத்தில் பத்து மணிக்கு மேல் காற்று கரையில் இருந்து வெளியே தள்ளும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. அவர் எவ்வளவு வலித்தும் கரை தள்ளித் தள்ளிப் போனது.

நீர் கயிற்றை இழுத்து எடுத்துக்கொண்டிருந்தீர். பயத்தில் எடுக்கிறீர் என்று நினைத்தேன். "இருபதும் போயிட்டுது," என்றீர். "கல்லு இன்னும் நிலத்தில படேல்ல." அந்த நேரத்திலும் உம்முடைய குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதற்காக உம்மோடு சண்டை பிடிக்க வேண்டும் போல இருந்தது.

காக்கா எங்களைக் கரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த மணக்கிற தோணி எங்களை நோக்கி வந்தபோது தண்ணீர் என் முழங்காலுக்குக் கிட்ட நின்றது. "ஒராளும் எழும்பாதீங்க," என்று தூரத்தில் வரும்போதே சத்தம் போட்டார். "ஒராளா வாங்க. கயிறு கிடந்தா எறிங்க."

நீர் படிக்கல்லை அவிழ்த்துக் கடலில் போட்டீர். கயிற்றின் ஒரு நுனியை என் இடுப்பில் கட்டினீர். மற்ற நுனியை எறிந்தீர். இரண்டாம் தரம்தான் அவர் கையில் பட்டது. தோணி கிட்ட வந்ததும் நான் தாண்டும்போது கால் வழுக்கி இடுப்பு வரை கடலுக்குள் இறங்கிவிட்டேன். கயிறுதான் என்னைத் தூக்கியது. அதை அவிழ்த்து உமக்கு எறிய நேரம் இருக்கவில்லை. நீர் சேலையை வாரிப் பிடித்துக்கொண்டு கயிறு இல்லாமலே தாண்டினீர். சேட்டுக்காரர் கடைசியாக வந்தார். நீல வள்ளம் நிறைந்து, விளிம்பு மட்டும் தெரிய மிதந்தது. காக்கா அதையும் கட்டி இழுத்தார்.

கரையில் இறங்கிய பிறகு நாங்கள் மூவரும் நனைந்துபோய் வரிசையாக மணலில் இருந்தோம். காக்கா தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து தந்தார். ஏசத்தான் போகிறார் என்று நான் குனிந்துகொண்டேன்.

"மூணு மாசம் வெயில்ல காஞ்ச வள்ளம்," என்றார். "மரம் காஞ்சா சுருங்கும். மேல பெயின்ற் அடிச்சா சுருங்கினது கண்ணுக்குத் தெரியா. தண்ணிக்குள்ள ரெண்டு மூணு நாள் கிடந்தாத்தான் பலகை ஊதி ஒட்டும். அதுக்குத்தான் நேத்தும் தண்ணியில கிடந்த எண்டு சொன்ன."

"அதை விளக்கிச் சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"நீங்க புதுசெண்டு எனக்கு எப்படித் தெரியும் புள்ள? ஏறினவங்களும் சொல்லல்ல, ஓட்டினவரும் சொல்லல்ல. புதுசெண்டு ஒரு சொல் சொன்னா இந்தக் கரையில ஆரெண்டாலும் பக்கத்துல இருத்தி எல்லாம் சொல்லித் தருவாங்க."

சேட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுகைக்குக் கிட்டத்தான் இருந்தேன். நீரோ ஈரச் சேலையோடு காக்காவின் பக்கம் திரும்பி, "ஊதி ஒட்டினது எண்டு எப்படிக் காக்கா தெரியும்?" என்று கேட்டீர்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் உம்மைக் கேட்டேன். "நீர் யாழ்ப்பாணத்துத் தீவில பிறந்தனீர். நீந்துவீர் எண்ட துணிவிலதானே கயிற்றை எனக்குக் கட்டினீர்?"

"எனக்கும் நீந்தத் தெரியாது."

"அப்ப ஏன் எனக்குக் கட்டினீர்?"

"நீர்தான் கிட்ட இருந்தனீர்," என்றீர். அதற்கு மேல் அந்தக் கதையை நீர் ஒருநாளும் எடுக்கவில்லை. எடுக்கவும் விடவில்லை. ஒரு பக்கத்தில் நீரும் மறுபக்கத்தில் காக்காவின் தோணியும், நடுவில் நானும் இருந்ததை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். கிட்ட இருந்தேன் என்பது உண்மைதான். ஆனால் அது காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை நான் வரமாட்டேன் என்றேன். நீர் தனியாக வெளிக்கிட்டீர். அதனால் நானும் வந்தேன். "காக்கா, நாங்கள் புதுசு," என்றீர் போனவுடனே. அவர் சிரித்துவிட்டு எங்களைக் கேட்கத் தொடங்கினார். நீந்துவீர்களா, எத்தனை மணிக்குத் திரும்புவதென்று வீட்டில் சொன்னீர்களா, தலைசுற்று இருக்கிறதா. தோணிக்குள் மூடி இறுக்கிய வெறும் எண்ணெய்த் தகரம் இரண்டு கிடந்தது. விழுந்தால் அதைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். அன்று காற்று மாறிக் கடலில் இருந்து வீசியது; அதற்கு எதிராக ஏன் முதலில் போகிறோம் என்று நீர் கேட்க, "களைச்சு வரக்குள்ள காத்து கொண்டு வந்து விடோணும்," என்றார். நீர் அதைக் கொப்பியில் எழுதினீர்.

நீல வள்ளம் கரையோரத்தில் ஒரு கட்டையில் கட்டி, வாய்வரை தண்ணீர் நிறைத்து ஊறப் போட்டிருந்தது. சேட்டுக்காரர் அன்று சாரத்தோடு பக்கத்தில் இருந்தார். நீர் கையை உள்ளே விட்டு பலகை இடுக்குகளைத் தடவிப் பார்த்தீர். "பாரும், நகம் போகுதில்லை," என்று என் கையையும் பிடித்து வைத்தீர். போன கிழமை என்னை முடிக்கப் பார்த்த இடுக்கு, கோடு மட்டும் தெரிய மூடியிருந்தது.

அன்றும் கயிறு நிலத்தில் படவில்லை. காக்கா முடிச்சுகளைப் பார்த்துவிட்டு, "உங்கட பாகம் எங்கட பாகத்துக்குக் காணா புள்ள," என்று தன் நீண்ட கைகளை விரித்துக் காட்டினார். நீர் வாய்விட்டுச் சிரித்தீர். திங்கட்கிழமை வகுப்பில் போய், "எங்களிட்ட இருந்த கயிறு எட்டேல்ல. எவ்வளவு ஆழமெண்டு எனக்கு இன்னும் தெரியாது," என்று சொன்னீராம். ரீச்சர் ஒருவர் தெரியாது என்று சொன்னதை அந்தப் பிள்ளைகள் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்லியிருந்தார்கள்.

பிறகு நீர் இடமாற்றம் கிடைத்து யாழ்ப்பாணம் போனீர். விடுமுறைக்கு வந்த போதெல்லாம் எங்காவது ஒரு வள்ளம் பிடிக்காமல் திரும்பியதில்லை. மூதூருக்கு, கிண்ணியாவுக்கு, நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்கு. ஏறுவதற்கு முன் குனிந்து அடியில் தண்ணீர் கிடக்கிறதா என்று பார்ப்பீர். ஓட்டுகிறவரைக் கேள்வியால் துளைத்தெடுப்பீர். நான் எப்போதும் உமக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் இருந்து என் தங்கையின் மகனும் மனைவியும் வந்தார்கள். புறாத்தீவுக்குப் போக வேண்டும் என்றார்கள். எனக்கு மனமில்லை, இருந்தும் நிலாவெளிக்குப் போனேன். வள்ளக்காரர் நாற்பது வயது மட்டில் ஒருவர். கையைத் தந்து ஏற்றும்போது, "முதல் தரமோ ரீச்சர்?" என்று கேட்டார்.

"ஓம் தம்பி. முதல் தரம்தான்."

தங்கையின் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எத்தனை தரம் போனேன் என்று அவனுக்குத் தெரியும். நான் பொய் சொல்லவில்லை. நீர் இல்லாமல் நான் வள்ளம் ஏறியது அதுதான் முதல் தரம். வள்ளக்காரர் எனக்கு முன்னால் வந்து குந்தியிருந்து, எங்கே பிடிப்பது, அலை வந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்று ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொல்லி முடித்ததும், உம்மைப் போலவே, இன்னும் ஒன்று கேட்டேன்.