லிங்கேஷ் அண்ணன் எனக்காகப் பேசியது

புனே

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். என் குரலை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாள். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஆய்வகத்தில் அறை விளக்கைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சிமிட்டவைத்துச் செய்தி அனுப்புகிறோம் அல்லவா, வெளிச்சத்தைக் குறைத்தாலும் செய்தி அறுபடாதபடி சிமிட்டும் முறை ஒன்றை நான் கண்டுபிடித்தேன்.

“மேடையேறினா ஒனக்கு வாய் வராதுட்டி ஈஸ்வரி, கருத்தரங்குல நான் பேசுதேன்” என்றார் என்னோடு அதே ஆய்வகத்தில் இருக்கும் நம் தெரு லிங்கேஷ் அண்ணன். நானும் நிம்மதியாகச் சரி என்றேன். அந்தச் சிமிட்டும் முறையைத் தான் கண்டுபிடித்தது என்றே பேசினார். என் பெயர் வரவேயில்லை. வெளியே வந்து, “யாரு சொன்னா என்னட்டி, நம்ம ஊருக்குத்தான பெருமை” என்று சிரித்தார்.

இங்கே நம் பேச்சு பேச அவர் ஒருவர்தான் இருந்தார். இட்லிப்பொடி அனுப்புங்கள். ஆய்வகத்துக்கு நேரமாகிவிட்டது.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது அவர் நம் வீட்டுக்கு வருவார். காப்பி கொடுங்கள். “எங்க பிள்ளையப் பாத்துக்கோங்க தம்பி” என்று மட்டும் இனிமேல் சொல்லாதீர்கள், அப்பா.