நகப்பூச்சுக் கோடு

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. மேலே படிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா நலம், அண்ணன் நலம், அண்ணி நலம், அவள் வயிற்றில் இருப்பது இரவு பகல் பார்க்காமல் உதைத்துக்கொண்டு நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும், வேறென்ன வேண்டும் எனக்கு. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குப் பகீரென்றிருக்கும். என்னுடைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்ததிலிருந்து ஊமையாகக் கிடக்கிறது. பட்டறை போன் அடித்தால் உன் அண்ணன்தான் பாய்ந்து போய் எடுப்பான், வேறு யாரையும் தொட விடமாட்டான், எடுத்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுவிடுவான். அவனைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டியதை அவன் காதுபடவே எப்படிச் சொல்வது? எதிர்வீட்டுப் பல் டாக்டரின் மகள் இன்று சாயங்காலம் உன் ஊருக்குக் கிளம்புகிறாள், உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன் என்றாள், அதனால்தான் மதியம் பாத்திரங்களைக்கூடக் கழுவாமல் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. குனியாதே என்று டாக்டர் சொன்னார், குனியாமல் நின்றபடியே எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறார். கல் அறுக்கும் மிஷினுக்குப் புது பிளேடு போட்டாகிவிட்டது, முன்பு போல வீறிடுவதில்லை, ஆனால் தூசு மட்டும் குறையவில்லை, காலையில் துடைத்த ஜன்னலில் மத்தியானம் உன் பெயரை எழுதலாம். அண்ணிக்குக் கால் வீங்குகிறது. உட்காரம்மா என்றால் உட்காரமாட்டாள், பட்டறையில் நானும் ஏதாவது செய்கிறேன் அத்தை என்று எழுந்து போய்விடுவாள். நல்ல பெண், பொய் சொல்லத் தெரியாத பெண். அதுதான் இப்போது என் கவலை, ஏன் என்று சொல்கிறேன்.

நம் பிக்கப் வண்டியை நீ பார்த்து வருஷங்களாகிவிட்டன. நீ இருந்தபோது எப்படி ஓடும் என்று நினைவிருக்கும். ட்ரெய்லரில் கல்லை ஏற்றிக் கொக்கியில் மாட்டியதும் வண்டியின் பின்புறம் தொபுக்கென்று உட்கார்ந்துவிடும், மூக்கு வானத்தைப் பார்க்கும். எதிரே வருகிறவன் கண்ணில் நம் ஹெட்லைட் குத்தும், அவன் நம் பரம்பரையையே திட்டிவிட்டுப் போவான். முன் சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது என்று அப்பா சொல்வார். ஒரு முறை டயர் வெடித்து வண்டி சாக்கடையில் இறங்கியபோதுதான் நீ அந்தக் கோலைக் கொண்டுவந்தாய். உடைந்த விளக்குமாற்றுக் கட்டை. அப்பாவை எடை மேடைக்கு இழுத்துக்கொண்டு போய், எவ்வளவு பாரம் தாங்குமோ அவ்வளவை மட்டும் ஏற்றி எடை பார்த்து, கட்டையைத் தரையில் ஊன்றி, பின் பம்பர் எந்த உயரத்துக்கு இறங்குகிறதோ அங்கே உன் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டாய். அன்றிலிருந்து இந்தப் பட்டறையில் சட்டம் அதுதான். கல் ஏற்றும்போது ஒருவர் கோலோடு பம்பர் பக்கத்தில் நிற்க வேண்டும், பம்பர் கோட்டைத் தொட்டதும் போதும் என்று கத்த வேண்டும், அதற்கு மேல் ஒரு கல்கூடக் கிடையாது. நீ நின்று கத்திய கத்தல் தெருமுனை வரை கேட்கும். நீ கல்யாணமாகிப் போன பிறகு நான் நின்றேன், இப்போது உன் அண்ணி நிற்கிறாள்.

இந்த வருஷம் மழை விட்டதும் உன் அண்ணன் வண்டியின் சஸ்பென்ஷனை மாற்றியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அது தப்பில்லை, நானும் சரிதான் என்றேன். நம் சிடுமூஞ்சி மெக்கானிக்கிடம் விட்டான். பின்னால் இருந்த ஸ்பிரிங் பட்டைகளோடு தடிமனான இன்னும் இரண்டு பட்டைகள் சேர்த்தார், குலுக்கலைத் தாங்குகிற ஷாக் அப்சார்பரை எல்லாம் கழற்றிப் புதிது போட்டார், நடுவில் காற்றடிக்கிற ரப்பர் பை ஒன்றும் வைத்தார். வண்டியை எடுக்கப் போனபோது நானும் கூட இருந்தேன். உன் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை, பின் பம்பரில் ஏறி நின்று குதித்துப் பார்த்தான், அசையவில்லை. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "தம்பி, இது தூக்கிப் பிடிக்கிறதுக்குத்தான், நிறுத்துறதுக்கு இல்ல. பிரேக் அதே பழைய பிரேக், கொக்கி அதே பழைய கொக்கி. வண்டி நிமிர்ந்து நிக்குதேன்னு லோடைக் கூட்டிடாத." உன் அண்ணன் சரி சரி என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் குதித்தான். அவர் சொன்னது முழுவதும் விழுந்தது என் காதில்தான்.

பொய் சொல்லக் கூடாது, முதல் இரண்டு நடையும் சொர்க்கமாகத்தான் இருந்தது, இரண்டுமே சின்ன லோடு. நானே உட்கார்ந்து போனேன். வளைவில் ட்ரெய்லர் பின்னாலேயே சமர்த்தாக வந்தது, குழியில் இறங்கி ஏறியபோது மடியில் வைத்திருந்த டீ சிந்தவில்லை. எதிரே வந்தவன் ஒருவன்கூடத் திட்டவில்லை. அப்பாவே முகம் மலர்ந்து, வயசானவனுக்கும் இப்படி ரெண்டு பட்டை வெச்சு விட்டா தேவலைன்னு இடுப்பைத் தட்டிக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த நடைக்குத்தான் வினை வந்தது. கல் ஏற்றினார்கள். உன் அண்ணி கோலை ஊன்றிக்கொண்டு கண்ணும் கருத்துமாக நின்றாள். வழக்கமாக ஏற்றுகிற பதினெட்டுக் கல்லும் ஏறிவிட்டது, பம்பர் கோட்டுக்கு ஒரு சாண் மேலேயே நிற்கிறது. புதுப் பட்டைதான் தாங்கிப் பிடிக்கிறதே, எப்படி இறங்கும்? அவள் பார்த்ததைச் சொன்னாள், "ஏங்க, இன்னும் எறங்கலைங்க, இன்னும் போடலாம் போல." போட்டார்கள். இன்னும் இறங்கவில்லை, இன்னும் போட்டார்கள். இருபத்தாறு கல் ஆன பிறகும் அந்தப் பெண் மனசறிந்து உண்மையைத்தான் சொன்னாள், கோட்டைத் தொடலைங்க என்று. நான் ஓடிப்போய்ச் சொன்னேன், டேய், அந்தக் கோடு பழைய ஸ்பிரிங்குக்குப் போட்டதுடா, மறுபடியும் எடை மேடைக்குப் போய்ப் புதுசா கோடு போட்டுட்டு வாங்கடா என்று. எடை மேடை எதிர்த்திசையில் இருக்கிறது, அரை நாள் போய்விடும் என்றான். உனக்கு வண்டியைப் பத்தி என்னம்மா தெரியும் என்றான். பிறகு சொன்னானே ஒரு வார்த்தை, "அது தங்கச்சி போட்ட கோடும்மா, ஒரு நாளும் தப்பினதில்ல." அப்பாவும் தலையாட்டினார். உன்மேல் அவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை நினைத்துப் பெருமைப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன்.

அன்று சாயங்காலம் அப்பாவும் அண்ணனும் திரும்பி வந்தார்கள். உன் அண்ணன் சாப்பிட உட்காரவில்லை, குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டே இருந்தான், கழுவிய கையையே திரும்பக் கழுவினான். அப்பா ஒன்றும் பேசாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் அப்பா பேசாமல் சாப்பிட்டு நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? நான் வெளியே போய் வண்டியைச் சுற்றிவந்தேன். சக்கரத்துப் பக்கம் குனிந்தால் தீய்ந்த நாற்றம் குப்பென்று அடித்தது. ட்ரெய்லரின் இடது பின் மூலையில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைப் பெயின்ட் ஈஷியிருந்தது. பாறைக்குழி இறக்கத்தின் அடியில் இருக்கும் பாலத்துக் கைப்பிடிக்குத்தான் வெள்ளைப் பெயின்ட், இந்த வழியில் வேறெங்கும் கிடையாது. அப்பாவின் வாயைப் பிடுங்கிப் பிடுங்கித்தான் விஷயம் வந்தது. இறக்கத்தில் பிரேக்கை மிதிக்க மிதிக்க ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது, நிற்கவில்லை. பிறகு அது வாலை ஆட்டுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசத் தொடங்கியிருக்கிறது, பாலத்தில் ஏறும்போது கைப்பிடியை உரசிக்கொண்டு போயிருக்கிறது. கீழே தண்ணீர்கூட இல்லை, வெறும் பாறை. சின்ன உரசல்தாம்மா, ஏன் பெரிசு பண்ற என்று உன் அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் காலையில் பார்த்தால் அந்த வெள்ளைப் பெயின்ட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டிருந்தான். முன்பெல்லாம் பாரம் கூடினால் வண்டி முனகும், உட்காரும், மூக்கைத் தூக்கும். இப்போது அது வாயே திறப்பதில்லை. வலித்தாலும் வாய் திறக்காத பிள்ளையைக் கண்டால்தான் எனக்குப் பயம், நம் வீட்டில் இப்போது அப்படி இரண்டு இருக்கின்றன.

இப்போது பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. இறக்கத்துக்கு அந்தப் பக்கம் கட்டுகிற பள்ளிக்கூடத்துக்கு மாடிப்படிக் கல் முழுவதும் நாம்தான். அடுத்த வாரம் கொண்டுபோக வேண்டும். இரண்டு நடையாகப் போ என்று நான் கரடியாகக் கத்துகிறேன், ஒரே நடையில் முடித்துவிடலாம், வண்டி தாங்கும் என்கிறான். அதைவிடக் கொடுமை, அண்ணிக்கு டாக்டரைப் பார்க்கும் நாளும் அதுதான், போகிற வழிதானே என்று அவளையும் முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போகப்போகிறானாம். குட்டி, நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நான் சொன்னால் கிழவி பயப்படுகிறாள் என்பார்கள், மெக்கானிக் சொன்னால் அவர் எப்போதும் அப்படித்தான் என்பார்கள். நீ போட்ட கோடு, நீதான் அழிக்க முடியும். இதைப் படித்தவுடன் கூப்பிட்டு, அந்தக் கோடு இனிமேல் செல்லாது, எடை பார்த்துப் புதுக் கோடு போடும்வரை பதினெட்டுக் கல்லுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சொல். பழையபடி தெருமுனை வரை கேட்கக் கத்து. அதுவரை அந்தக் கோலை யாரும் தொடக் கூடாது என்று பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலடியில் ஒளித்துவைத்துவிட்டேன், கோல் இல்லாமல் எப்படி ஏற்றுகிறார்கள் என்று பார்க்கிறேன்.

நடுவில் எழுந்து போய்விட்டு வந்தேன், இனி அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வெளியே கல்மேல் கல் சாய்கிற சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்து பார்த்தால் ட்ரெய்லரை மாட்டிவிட்டுக் கல் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததாம், கொத்தனார் காத்திருக்கிறாராம், இன்றைக்கே வேண்டுமாம். டாக்டரையும் இன்றைக்கே பார்த்துவிடலாம் என்று அண்ணி தலை வாரி, டாக்டர் பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கோலைத் தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. உன் அண்ணன் என்ன சொன்னான் தெரியுமா, "கோல் இல்லாட்டி என்ன, எப்படியும் அது கோட்டுக்கு எறங்கப் போறதில்ல." நான் ஒளித்துவைத்தது அவனுக்கு வசதியாகப் போய்விட்டது. பொய்யோ மெய்யோ, பார்ப்பதற்கென்று இருந்த அந்த ஒரு கோலும் இல்லாமல் போய்விட்டது. எத்தனை கல் என்று எண்ண ஆரம்பித்தேன், முப்பதைத் தாண்டியதும் எண்ண மனசு வரவில்லை. பம்பர் நிமிர்ந்தே நிற்கிறது.

நான் வெளியே போகிறேன். பட்டறைக்கு இருப்பது ஒரே கேட்டுதான். அதன் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்காரப் போகிறேன், என்மேல் வண்டியை ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அண்ணியைக் கூப்பிட்டு வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டேன், அவள் அழுகிறாள், அழட்டும். நம் முற்றம் கேட்டை நோக்கிச் சரிவு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பெற்றவளைப் பார்த்தால் அவன் கால் பிரேக்குக்குப் போகாமல் இருக்குமா? பல் டாக்டர் மகளிடம் இந்தக் கடிதத்தை அங்கே வைத்தே கொடுத்துவிடுவேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. இது கைக்கு வந்ததும் மறக்காமல் பட்டறை போனுக்குக் கூப்பிடு. அண்ணன் எடுத்தால் அவன் ஹலோ சொல்வதற்கு முன்பே திட்ட ஆரம்பித்துவிடு. நான் எடுத்தாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வேறு யாராவது எடுத்தால், அவர்கள் பேசுவதற்கு முன்னால் நீ ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே கேட்டுக்குப் போகும்
அம்மா