என்னைப் பற்றி விசாரிக்க இரண்டு பேர்

1986 ஜூலை 8, செவ்வாய்

வெயில். மேசை விசிறிக்கு எதிரே உட்கார்ந்தால் காகிதம் பறக்கிறது. தள்ளி உட்கார்ந்தால் வியர்வையில் மை கரைகிறது. மறுபடியும் ரெஸ்யூமே.

பட்டம் வாங்கி ஒரு வருடம். அனுப்பிய விண்ணப்பங்களை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஒரு இன்டர்வியூ கூட வரவில்லை. நேற்றுச் சாப்பிடும்போது அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த மாசத்துக்குள்ள யாராவது இன்டர்வியூவுக்குக் கூப்பிடட்டும். இல்லன்னா ஒண்ணாந்தேதி மாமா கடைக்குப் போ." குயின் ஸ்திரீட்டில் புடவைக்கடை. கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். மாமா நல்லவர். ஆனால் கல்லாவில் உட்கார்ந்தவர்கள் எழுந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் தோழி ஜமீலா வந்தாள். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். வரும் விண்ணப்பங்களெல்லாம் அவள் கை வழியாகத்தான் முதலாளிக்குப் போகின்றன. என் மூன்று பக்கத்தையும் படித்தாள்.

"என்னடி இது, தொடர்கதையா? 'சிறு வயது முதலே மொழியின்மீது எனக்கு...' எங்க பாஸ் இவ்வளவு தூரம் வரமாட்டாருலா. தே தண்ணி ஆறதுக்குள்ள பத்து பேரப் பாத்து முடிச்சுருவாரு."

அவள் சொன்னவை: ஒரே பக்கம். வேலைக்கு வேண்டியது மேலே. என்ன படித்தாய் என்பதல்ல, என்ன செய்து முடித்தாய். ஒவ்வொரு வேலைக்கும் தனியாக எழுது. பிறந்த நேரம் வேண்டாம். (எழுதியிருந்தேன். அம்மா பக்கத்தில் நின்றாள்.)

ஜூலை 10, வியாழன்

மழை, சாயங்காலம் மட்டும். மூன்று பக்கம் ஒன்றாயிற்று. வலித்தது.

போனவை: பேச்சுப்போட்டி ஆறுதல் பரிசு, கோலப்போட்டி, 'பொழுதுபோக்கு: வாசிப்பு, சிந்தனை'. சிந்தனையை அடித்தது ஜமீலா. "நீ சிந்திக்க எவன் சம்பளம் குடுப்பான்?"

தங்கியவை: விடுதிச் சாப்பாட்டுப் புகார்களைத் திரட்டி, குத்தகைக்காரரிடம் பேசி, மெனுவை மாற்றியது. டைப் செய்து படித்தபோது யாரோ மகா கெட்டிக்காரி. எதிரே வந்தால் ஒதுங்கிப் போவேன்.

அடியில், கம்பெனிக்காரர்கள் என்னைப் பற்றி விசாரிக்க இரண்டு பேர். சொந்தக்காரராக இருக்கக் கூடாது, போன் இருக்க வேண்டும். வழக்கமான இருவரே. ஆறுமுகம் சார்: என் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், இப்போது ஓய்வு, எதிர்வீடு, போன் இல்லாத எங்களுக்கு அவர் போன்தான். டாக்டர் நாயர்: சின்ன வயதிலிருந்து எனக்கு ஊசி போடுபவர். இரண்டுமே கனமான பெயர்கள்.

ஜூலை 12, சனி

நான்கு தபாலில். ஐந்தாவதை ஜமீலாவே தன் முதலாளி மிஸ்டர் பாலனிடம் கொடுக்கிறாள். சுங்க அதிகாரிகளிடம் போய்ப் பேசிச் சரக்கை வெளியே கொண்டுவர ஆள் தேவையாம். பேச எனக்குத் தெரியும்.

அப்பா டுரியான் பழம் வாங்கிவந்தார். வீடு முழுக்க வாசம். இதே வாசத்தோடு ரெஸ்யூமே போய்ச் சேருமோ என்று ஒரு கவலை.

ஜூலை 16, புதன்

காய்கறிப் பாசாரிலிருந்து அம்மா ஓட்டமாக வந்தாள். "ஆறுமுகம் சார வழியில பாத்தேன். யாரோ உன்னப் பத்தி போன்ல விசாரிச்சாங்களாம்! கப்பல் கம்பெனியாம்!"

கையிலிருந்த புத்தகம் விழுந்தது. மிஸ்டர் பாலன்! கடைசியில் ஒருவர்!

அம்மாவுக்கு என்னைவிட சந்தோஷம். திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டாள். கண்ணாடி அலமாரியிலிருந்த தட்டுகள் வெளியே வந்தன. இன்டர்வியூவுக்கு எதற்குத் திரைச்சீலை?

"எத்தன பேரு வருவாங்கன்னு தெரிஞ்சா கேசரி கிண்டிருவேன்."

"நான்தாம்மா அங்க போகணும்."

"சீ, என்ன பேச்சு இது. அவங்கதான் இங்க வரணும்."

ஜூலை 18, வெள்ளி

எல்லாம் விளங்கிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் ஜமீலா சொல்லச் சொல்ல முதலில் சிரித்தேன். பிறகு முடியவில்லை.

மிஸ்டர் பாலன் போனில் கேட்டது: "தேவகிங்கற பொண்ணப் பத்தி கொஞ்சம் விசாரிக்கணும்." எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி இப்படி யார் கேட்பார்கள், எதற்குக் கேட்பார்கள்? சார் தயங்கவே இல்லை.

"தங்கமான பொண்ணுங்க. நிமிந்து பாக்காது. ஆம்பளைங்ககிட்ட ஒரு வார்த்த பேசாது. ஆறு மணிக்கு மேல வாசல் தாண்டாது. ரசம் பிரமாதமா வைக்கும்."

"டைப்பிங் தெரியுமா?"

"தெரியும். ஆனா நீங்க வேணாம்னா விட்டுரும். உங்க பையன் என்ன பண்றாரு?"

"ஸ்டாண்டர்ட் டூ படிக்கிறான்."

சார் போனை வைத்துவிட்டாராம். மிஸ்டர் பாலன் மனம் தளராமல் டாக்டரையும் கூப்பிட்டிருக்கிறார். டாக்டர் என் மருத்துவ அட்டையை எடுத்துப் படித்தார்: "சின்ன வயசுல டான்சில்ஸ். அப்புறம் ஒரு குறையுமில்ல."

"நிமிந்து பாக்காத பொண்ணு கஸ்டம்ஸ்ல போய் என்னத்தப் பேசும்?" என்று மிஸ்டர் பாலன் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்.

முந்தைய விண்ணப்பங்களிலும் இதே இருவர்தான். எத்தனை கம்பெனிகளுக்கு என்னைப் பெண் பேசினாரோ சார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா தட்டுகளை அலமாரியில் அடுக்கினாள். அப்பா காலண்டரைப் பார்த்தார்.

ஜூலை 20, ஞாயிறு

ஆறுமுகம் சார் வீட்டுக்குப் போனேன். சரோஜா ஆன்டி, அவர் மனைவி, பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். சார் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம்.

"மனச விட்டுராதம்மா. இதுக்கு முன்னயும் நாலஞ்சு எடத்துலேருந்து கேட்டாங்க. ஒண்ணும் அமையல. அம்மா வருத்தப்படுவாங்கன்னு சொல்லல."

அவையெல்லாம் வேலைக்காக என்றேன். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வேலைக்குன்னாலும் அடக்கமான பொண்ணுன்னா நல்லதுதான?"

"பேசுவேன், வாதாடுவேன்னு சொல்லுங்க சார்."

"இந்த லோரோங் சந்துல ஒரு பொண்ணப் பத்தியும் நான் தப்பா சொன்னதில்ல."

"அது தப்பே இல்ல சார்."

நீண்ட பேரம். கடைசியில் 'தேவைப்பட்டால் பேசுவாள்' என்பது வரை இறங்கிவந்தார். அதற்கு மேல் முடியாதாம். ஆன்டி காயைக் கொஞ்சம் பலமாக உடைத்தார்.

ஜூலை 22, செவ்வாய்

பத்திரிகையில் விளம்பரம். கொம்தார் கட்டடத்தில் ஒரு பெரிய கடைக்கு, வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்க ஆள் தேவை. அவசரம். இரண்டு தடவை படித்தேன். காலமெல்லாம் புகார் செய்தவள் நான். மேசையின் மறுபக்கம் போனால் என்ன?

புது ரெஸ்யூமே. முழுக்கப் புகார்கள், அவை எப்படி முடிந்தன. எதையும் கூட்டவில்லை. ஒரே பக்கத்தில் அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. டாக்டரை எடுத்துவிட்டு விடுதி வார்டனைப் போட்டேன். சாரை எடுக்க மனம் வரவில்லை, பெரிய மனிதர். நானே கொம்தாருக்கு நடந்து போய்க் கொடுத்தேன்.

ஜூலை 28, திங்கள்

போச்சு.

காலையில் சார் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போயிருந்த நேரம் கடையிலிருந்து போன். எடுத்தது ஆன்டி. சாயங்காலம் வாசலில் நின்று சொன்னார்.

"ஒரு பொம்பள பேசுச்சு. பொண்ணு எப்படின்னுச்சு. வாய் ஜாஸ்தின்னேன்."

"ஆன்டி!"

"உள்ளதத்தான சொன்னேன்? கோயில் கமிட்டிகிட்டப் பேசி ஒலிபெருக்கிய அந்தப் பக்கம் திருப்பி வச்சது. பஸ்ஸ நிறுத்தி எல்லாருக்கும் மிச்சச் சில்லறை வாங்கிக் குடுத்தது. இவரு மார்க்கத் தப்பா கூட்டிட்டாருன்னு சின்னப்புள்ளயா பேப்பரோட இந்த வாசல்ல வந்து நின்னது. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"கோவப்படுமான்னு கேட்டுச்சு. கோவப்பட்டா பரவால்லியேன்னேன். சிரிச்சுக்கிட்டே பேசும், கடைசில நாமதான் மன்னிப்புக் கேப்போம்னேன். சட்டுனு வச்சிருச்சு."

அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மாமா கடைக்கு எந்தப் புடவையில் போவது என்று யோசித்தபடி இதை எழுதுகிறேன். அந்தக் கெட்டிக்காரியை நினைத்தால் பாவமாக இருக்கிறது, அந்த ஒரு பக்கத்தில் இருப்பவளை.

ஜூலை 31, வியாழன்

மத்தியானம். ஆன்டி முந்தானை பறக்கச் சாலையைக் கடந்து வந்தார். ஒரு கார் பிரேக் போட்டது.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இன்டர்வியூ! அதே பொம்பளதான். நான் சொன்னதெல்லாம் நெசமான்னு மறுபடி கேட்டுச்சு. வரச் சொல்றேன், நீங்களே பேசிப் பாருங்கன்னேன்!"

பின்னாலேயே சார், செருப்பை மாற்றிப் போட்டபடி. "தங்கம்னு சொன்னேன், ஒருத்தனும் கூப்பிடல. வாயாடின்னு இவ சொன்னா, கூப்பிடறான். என்னம்மா உலகம் இது?"

அப்பா நாளிதழைக் கீழே வைக்கவில்லை. "மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன்." குரல் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது.

அம்மாவுக்கு ஒரே கவலை: இந்த 'வாய் ஜாஸ்தி' ஊருக்குள் பரவாமல் இருக்க வேண்டும்.

இரவு. புடவை இஸ்திரி ஆயிற்று. இதுவரை சாரைக் கேட்டார்கள், டாக்டரைக் கேட்டார்கள், ஆன்டியைக் கேட்டார்கள். நாளைக்கு என்னையே கேட்கப் போகிறார்கள், நான் எப்படிப்பட்டவள் என்று. இத்தனை படித்தும் அதற்கு ஒரு வரி கையில் இல்லை. குளியலறைக் கண்ணாடி முன் நின்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன். அது பிடிக்கவில்லை. மாற்றிச் சொன்னேன். அதற்கு மறுப்பும் நானே சொன்னேன். மறுப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் தட்டினாள்.

"உள்ள யாருகிட்டடி சண்ட போடற?"