வேப்பிலை தடவிய ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு மனிஷா எழுதுவது. உங்களுக்கும் அப்பாவுக்கும் உடம்பு சௌகரியந்தானே? கோத்தகிரியில் நானும் தாரணியும் சுகம்.

அவளுக்கு இரண்டு வயதாகிவிட்டது, தாய்ப்பாலை நிறுத்து என்றீர்களே. ஞாயிறன்று நீங்கள் சொன்னபடியே வேப்பிலையை அரைத்து மார்பில் தடவிக்கொண்டேன். வாய் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள். அழுவாள் என்று பார்த்தால், அந்தப் பச்சையை மருந்தென்று நினைத்துவிட்டாள். "அம்மாக்குப் புண்ணுங்களா?" என்று கேட்டு, மெல்ல ஊதிவிட்டாள். அதன்பிறகு பால் கேட்கவே இல்லை; எனக்கு வலிக்குமாம். நினைத்தது நடந்தும் எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

மறுநாள் எஸ்டேட் நர்ஸ் ஞானசுந்தரி அக்காவிடம் சொன்னேன். "ஏனுங்க, சோறு நல்லாத் திங்கறா, எடையும் இருக்குது. உங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சிருந்தாக் குடுங்க" என்றார். அன்று ஆபீஸிலிருந்து வந்ததும், "புண் ஆறிடுச்சு கண்ணு" என்றேன். அவள் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் மடியில் ஏறினாள்.

இனி சாயங்காலம் மட்டும், அவளாக விடும்வரை கொடுப்பதாக இருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ராகி மாவு தீர்ந்துவிட்டது. பார்சலில் போட வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள். உங்கள் ஈரோட்டு வெயிலுக்கு இந்தக் குளிர் சுகமாக இருக்கும். ஆபீஸ் ஜீப் ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன்.

உங்கள் மகள்
மனிஷா