திண்டுக்கல் விலாசத்துக்கு நீங்கள் எழுதிய பதில்

அண்ணே,

இன்று காலைத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் யாரென்று தெரியாது. பெங்களூர் ஏலத்தில் போன அந்தப் பழைய யானைக் காசு இப்போது என்னிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டாராம். விற்கும் எண்ணமிருந்தால் நல்ல விலை தருவாராம். அவசரமில்லை, யோசித்துப் பதில் போட்டால் போதுமாம். படித்ததும் உடம்பு கூசிவிட்டது. இதே வாசகங்களை எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன். உங்களுக்கும் எழுதியிருக்கிறேன். அது தெரியாமலே போய்விட்டீர்கள்.

ஏலத்தில் தோற்றால் காத்திருப்பது என் வழக்கம். ஆசையாக எடுத்தவருக்கு இரண்டு மூன்று வருடத்தில் வீட்டில் ஒரு விசேஷம் வரும், அல்லது வேறு காசின் மேல் மனசு போகும். அப்போது கடிதம் போட வேண்டும். மதுரையில் பழங்காசு சேர்க்கிறவர்களுக்கெல்லாம் என்னைத் தெரியும். நான் கேட்கிறேன் என்றால் விலையை ஏற்றிவிடுவார்கள். அதனால் திண்டுக்கல்லில் என் மைத்துனன் கடை விலாசத்தில், வேறொரு பெயரில், டைப் அடித்து அனுப்புவேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தேன்.

நீங்கள் மின்வாரியத்தில் வீடு வீடாக ரீடிங் எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் விளாங்குடியில் உங்கள் வீட்டு மாடியில் கூடுவோம். சோழவந்தானிலிருந்து யாராவது ஆற்று மணலில் கிடைத்ததென்று பொட்டலம் கொண்டுவந்தாலும் முதலில் உங்கள் கைக்குத்தான் வரும். லென்ஸைத் தொடமாட்டீர்கள். கட்டைவிரல் நகத்தைக் காசின் ஓரத்தில் ஒருமுறை ஓட்டிவிட்டு, அசலா, போலியாக வார்த்ததா என்று சொல்லிவிடுவீர்கள். தப்பியதே இல்லை.

அந்தச் சதுரச் செப்புக் காசை ஏலப் பட்டியலில் படமாகப் பார்த்தபோதே, "பாண்டியன் காசு மாப்ள, நம்ம ஊருக்கு வந்து சேரணும்" என்றீர்கள். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் கோட்டுருவில் மீன். தபாலில் விலை எழுதி அனுப்பினீர்கள். உங்களிடம் மூச்சு விடாமல் நானும் அனுப்பினேன். காசு உங்களுக்கு வந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்து வாழ்த்திவிட்டு வீட்டுக்கு வந்தவன் அன்று சாப்பிடவில்லை.

இரண்டு வருடம் பொறுத்தேன். பிறகு திண்டுக்கல்காரர் உங்களுக்குக் கடிதம் எழுதினார். நீங்கள் அதை நேராக என்னிடமே எடுத்துக்கொண்டு வந்தீர்கள். விற்க மனசில்லையாம், ஆனால் இம்புட்டு மரியாதையாகக் கேட்கிறவருக்கு எப்படி இல்லையென்று எழுதுவது என்று கேட்டீர்கள். அங்கேயே சொல்லியிருக்கலாம். 'நான்தாண்ணே அது' என்றிருந்தால் முதுகில் ஒன்று வைத்துவிட்டு டீக்கடைக்குக் கூட்டிப் போயிருப்பீர்கள். நான் காசைக் கேட்டு வாங்கினேன். லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தேன். ஓரத்தில் வார்ப்புத் தடம் மாதிரி இருக்கிறதே, பச்சைக் களிம்புகூட மேலே பூசியது போலத் தெரிகிறதே என்று இழுத்தேன்.

நீங்கள் வாங்கி நகத்தை ஓட்டினீர்கள். திருப்பி வைத்து மறுபடி ஓட்டினீர்கள்.

"எனக்கு ஒண்ணும் தட்டுப்படலையேய்யா" என்றீர்கள். காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள்.

ஒரு வாரத்தில் திண்டுக்கல் விலாசத்துக்கு உங்கள் பதில் வந்தது. மைத்துனன் கொடுத்தனுப்பினான். காசைத் தருவதாக எழுதியிருந்தீர்கள். கூடவே, விவரம் தெரிந்த என் நண்பர் இது போலியாக இருக்கலாம் என்கிறார், அதை மறைத்து விற்க எனக்குச் சம்மதமில்லை, பாதி விலை போதும், சந்தேகம் வந்தால் எப்போது வேண்டுமானாலும் திருப்பி அனுப்புங்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நான் சொன்ன பொய்யை, யாரோ ஏமாந்துவிடக் கூடாதென்று எனக்கே எழுதி அனுப்பியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகும் அந்தப் பாதி விலையை மணியார்டர் செய்து காசை வாங்கிக்கொண்டேன் அண்ணே. வெட்கங்கெட்டவன்.

காசோடு போயிருந்தால் பரவாயில்லை. அதன் பிறகு மாடியில் யார் எதை நீட்டினாலும், மாப்ளகிட்டக் காட்டுங்க, என் கை இப்பச் சரியில்ல என்று ஒதுங்கிக்கொண்டீர்கள். கூட்டத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தீர்கள். ஒரு வருடத்துக்குள் ஆல்பங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தீர்கள். எனக்குத்தான் நல்லதாகப் பார்த்துக் கொடுத்தீர்கள்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். உங்கள் மகள் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டீர்கள்.

"அந்த யானைக் காசு, நெசமாவே போலிதானா மாப்ள?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஆமாண்ணே" என்றேன்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். "நல்லவேளை, அந்த ஆளுக்கு முன்னாடியே எழுதிட்டேன்" என்றீர்கள்.

அந்தக் காசு அசல்தான் அண்ணே. நீங்கள் பார்த்ததுதான் சரி. உங்களிடம் சொல்ல எனக்கு இந்த இரண்டு வரி போதுமாயிருந்தது. அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.